நாய்களின் பங்கு

"கூடையில என்ன அத்தை?" என்று எல்லைச் சாவடிப் பையன் கேட்டான். காட்டுப்பன்றிக் கறி என்று சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கருவாடு என்றிருக்கலாம், மூங்கில் குருத்து என்றிருக்கலாம். அவனும் தலையை ஆட்டி அனுப்பியிருப்பான். அதுவும் வேண்டாமென்றால், சாவடிக்கு அரை மைல் தள்ளி ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் எலிப்பாதை இருக்கிறது. எங்கள் இபான் சனங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கலிமந்தானிலிருந்து இந்தப் பக்கத்துச் சரவாக்குக்குச் சர்க்கரை முதல் சண்டைச்சேவல் வரை அந்த வழியாகத்தான் கொண்டுவருகிறார்கள். எனக்கும் அந்த வழி தெரியும். ஆனால் என் முதுகுக் கூடையில் இருந்தது திருட்டு வழியில் கொண்டுபோகிற கறி இல்லை.

அது என் புருஷனுக்கு அவருடைய அண்ணன் கொடுத்தனுப்பிய கறி. பதினோரு வருடம் கழித்து.

என் புருஷன் பெயர் லுத்தா. அண்ணன் பெயர் ஜூபாங். ஜூபாங் எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்து, பெண்டாட்டியின் நீள்வீட்டிலேயே தங்கிவிட்டவர். எங்கள் நீள்வீடு இந்தப் பக்கம். நீள்வீடு என்றால் ஊரே ஒரே கூரைக்குக் கீழே, தூண்களின் மேல் நிற்கும், ஏணி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். கோழி கூப்பிடும்போது கிளம்பினால் சோற்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவுதான் தூரம். அண்ணனும் தம்பியும் மாதத்துக்கு ஒரு வேட்டை சேர்ந்து போவார்கள். அப்படிப் போன ஒருநாள் புதருக்குள் அசைந்ததைப் பன்றி என்று நினைத்து லுத்தா சுட்டார். செத்தது ஜூபாங்கின் நாய். வீட்டு வாசலில் படுத்துக் கிடக்கிற நாயில்லை, மற்ற நாய்களை எல்லாம் முன்னால் இழுத்துப்போகிற தலைமை நாய்.

அபராதமாக, எங்கள் சனம் சொத்தாக மதிக்கிற பழைய ஜாடி ஒன்றும் ஒரு பன்றியும் கொடுத்தாயிற்று. இரண்டு நீள்வீட்டுத் தலைவர்களும் பேசி முடித்தாயிற்று. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானே என் புருஷன்? "நாய்தானே" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஜூபாங்குக்குப் பற்றிக்கொண்டது. இனி உன் வீட்டு ஏணியில் என் கால் படாது, என் வீட்டு ஏணியில் உன் கால் படக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டுப் போனார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அன்றிலிருந்து எங்கள் அறுவடை விழாவுக்கு அவர் வரவில்லை, அவருடைய மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை.

போன மழைக்காலத்தில் லுத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, வாய் கோணிவிட்டது. சுடுகிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் பேச்சு வரும். படுத்த இடத்திலிருந்து அண்ணன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பக்கம் மழையா என்று மட்டும் தினமும் கேட்பார். அந்தப் பக்கத்து மழை இவருக்கு எதற்கு? எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என்ன செய்ய?

அப்போதுதான் ஜூபாங்கிடமிருந்து ஆள் வந்தது. காட்டில் பழம் உதிர்கிறது, பன்றி இறங்குகிறது, லுத்தா வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வேட்டைக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் மலை ஏறக் காலுள்ள ஆள் நான்தான். மகள் செலியை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே ஒரு ஈட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஜூபாங், அவருடைய இரண்டு மருமகன்கள், நான், ஐந்து நாய்கள். காலை வெயில் ஏறுவதற்குள் நாய்கள் ஒரு கிடாப்பன்றியை ஓடைப் பள்ளத்தில் மடக்கிவிட்டன. முதல் குத்து ஜூபாங்குடையது, இரண்டாவது என்னுடையது.

ஓடைக்கரையிலேயே மயிரைப் பொசுக்கி அறுத்தோம். பெரிய இலைகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கு ஒரு கூறாகப் பங்கு வைத்தார்கள். பெரியவன் சின்னவன் கிடையாது, எல்லாக் கூறும் ஒரே அளவு. கடைசியாக நாய்களுக்கு ஒரு கூறு. அது நாய்க்காரனுக்குச் சேரும், அதுதான் வழக்கம். ஜூபாங் அந்த நாய்களின் பங்கைத் தன் பக்கம் இழுக்கவில்லை. இலையோடு தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இது அவனுக்கு," என்றார். "அவன் தின்னுட்டா எனக்கு ஏணி திறந்த மாதிரி."

சுடப்பட்ட நாயின் சொந்தக்காரன், சுட்டவனுக்கு நாய்களின் பங்கைக் கொடுக்கிறான். இதற்கு மேல் ஒரு மன்னிப்பு எங்கள் சனத்தில் இல்லை. அதை என் புருஷன் தின்ன வேண்டும். தின்றால் சத்தியம் அவிழும். நான் இலையை மடித்தேன். சாயங்காலம் வரை பச்சைக்கொம்புப் பரணில் போட்டுப் புகையூட்டி, மறுநாள் கூடையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இவ்வளவையும் முதுகில் சுமந்துகொண்டுதான் சாவடியில் நின்றேன்.

கேட்ட பையன் பெயர் எட்வின். எங்கள் ஆற்றின் மேல்கோடி நீள்வீட்டு உஞ்சாட்டின் மகன். அவன் பிறந்தபோது அவன் அம்மாவுக்கு இஞ்சி அரைத்துக் கொடுத்தவள் நான். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாப்பாட்டைப் பற்றி ஒருவன் கேட்டுவிட்டால் மறைக்கக் கூடாது, கொடுக்க வேண்டும். கொடுத்ததை அவன் தள்ளக் கூடாது. பசியில்லை என்றால் விரல் நுனியால் தொட்டு உதட்டிலாவது வைத்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் புனி என்கிற கேடு பிடிக்கும். பாம்பு கடித்தவனையும் மரத்திலிருந்து விழுந்தவனையும் விசாரித்துப் பாருங்கள், அன்றைக்கு எங்கேயோ ஒரு சோற்றைத் தொடாமல் வந்திருப்பான். ஆகவே எட்வின் கேட்டதும் நான் கூடையை இறக்கி, இலையைப் பிரித்து, ஒரு கீற்றுக் கறியைக் கிள்ளி அவனிடம் நீட்டினேன். வாயில் போட்டுக்கொள் தம்பி என்றேன்.

உள்ளே இருந்து பெரிய அதிகாரி எட்டிப் பார்த்தார். நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்.

"என்ன இது, லஞ்சமா?" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்வினைப் பார்த்தேன், இவன் சொல்லிப் புரியவைப்பான் என்று. எட்வின் கூரையில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தான். அப்புறம் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"ஆமா சார், எடுத்து நீட்டினாங்க," என்றான்.

ஆமாவாம். அந்த ஒரு சொல்லில் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அதிகாரிக்குத் தெரியாது, அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரிந்தவன் தெரியாதவன் மாதிரி நின்றான் பாருங்கள், அவனைத்தான் அந்தக் கூடையாலேயே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பன்றிக் காய்ச்சல் வந்து பண்ணைகளில் பன்றிகள் செத்து விழுந்த பிறகு, எல்லையைத் தாண்டிப் பன்றிக்கறி வரக்கூடாது என்று உத்தரவாம். புகையூட்டினாலும் உப்புப் போட்டாலும் கணக்கில்லையாம். நான் விடவில்லை. பழம் உதிரும் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பன்றிகள் மலை தாண்டி இந்தப் பக்கம் வருகின்றனவே, அவற்றிடம் பாஸ் கேட்கிறீர்களா, நடந்து வந்தால் நோயில்லை, கூடையில் வந்தால் நோயா என்று கேட்டேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஒன்று, வந்த வழியே திருப்பிக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள், டீசல் ஊற்றிப் புதைத்துவிடுகிறோம் என்றார். பன்றிக்கறிதான் வேண்டும் என்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்றும் யோசனை சொன்னார். போகிற போக்கில், லஞ்சம் கொடுக்க வந்ததை வயதைப் பார்த்து மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். ஒரு மன்னிப்புக்காக நாங்கள் பதினோரு வருடம் காத்துக்கிடந்தோம். இவர் கேட்காமலே ஒன்றை எடுத்து வீசுகிறார்.

திருப்பிக் கொண்டுபோக முடியாது. கொடுத்த பங்கு திரும்பி வந்தால் தம்பி தள்ளிவிட்டான் என்றுதான் அர்த்தம். ஜூபாங்குக்கு அது இரண்டாவது நாயைச் சுட்ட மாதிரி. முன்னால் போகவும் முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். கூடையை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே இருநூறு அடி ரோடு இருக்கிறது, அது யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிற சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கம்பத்துக்குக் கிட்டே போய் ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரர்கள் ஒலியெழுப்பினார்கள். எழுப்பட்டும்.

செலிக்குப் போன் செய்தேன். கறி வீட்டுக்கு வராது, அப்பாவை இங்கே கூட்டிவா என்றேன். அவளுக்குத் தலைவரின் வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும், அப்பாவை ஏணியில் இறக்க நாலு பேரைப் பிடிக்க வேண்டும். அழுதுகொண்டே சரி என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் எட்வின் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். அந்த ஓரத்துக்குக் கேமரா எட்டாது. குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில், லுத்தா மாமாவுடைய பாஸ் போன வருடமே முடிந்துவிட்டது, கம்பத்துக்கு வெளியே அவரை விடமாட்டார்கள் என்றான். அப்புறம் இன்னும் குனிந்தான்.

"எலிப்பாதையில போயிடுங்க அத்தை. நான் பார்க்கல."

"ஆமான்னு சொன்ன வாய்தானடா இது?" என்றேன். "உள்ள என்னைய லஞ்சக்காரி ஆக்கின. வெளிய வந்து திருடின்னு ஆக்கப் பார்க்கிற. ஒரு வார்த்தை, இது எங்க வழக்கம் சார்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு வரல."

"வேலை போயிடும் அத்தை."

கிள்ளிய கீற்று இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை மறுபடி நீட்டினேன். அவன் திரும்பி ஒருமுறை பார்த்தான், விரல் நுனியால் சட்டென்று தொட்டான், உதட்டில் ஒற்றிக்கொண்டான், விறுவிறுவென்று நடந்துவிட்டான். ஆக, பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது. காலையிலிருந்து இருந்திருக்கிறது. தன் காலைப் பாம்பு கடிக்கக்கூடாது, என் குடும்பத்தை எது கடித்தால் என்ன. இதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று.

மூன்று மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜூபாங்கின் மோட்டார் சைக்கிள் வந்தது. ரோட்டில் பன்றிக் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி லாரியோடு போயிருக்கிறது. தங்கள் சாவடியில் பாஸைக் காட்டிவிட்டு இறங்கி வந்தார். முகம் கருத்திருந்தது. தின்னமாட்டேன் என்றுவிட்டானா என்று கேட்டார். இன்னும் கண்ணாலேயே பார்க்கவில்லை, உத்தரவு என்றேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. நாய்க்காரனின் பங்கு அவனுக்கு எதற்கு இனிக்கும் என்று முணுமுணுத்தார். பதினோரு வருடமாக ஒரே பக்கம் மேய்ந்த மனது வேறு பக்கம் திரும்புமா?

அதற்குள் தலைவரின் வண்டி வந்துவிட்டது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கயிற்றால் கட்டி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, லுத்தாவைக் கொண்டுவந்திருந்தார்கள். விழாவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். நாற்காலியோடு இறக்கிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இந்தப் பக்கம் நானும் ஜூபாங்கும். நடுவில் கம்பம். ஜூபாங் பத்தடி தள்ளியே நின்றார். தம்பியின் கோணிய வாயை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

பெரிய அதிகாரி வெளியே வந்தார். கம்பத்தைத் தாண்டி ஒரு துண்டுகூட உள்ளே போகக்கூடாது என்று எட்வினிடம் சொன்னார். எட்வின் கம்பத்தின் பக்கத்தில் விறைப்பாக நின்றான்.

லுத்தாவுக்கு நாக்குத்தான் இழுத்திருக்கிறது, மூளை இல்லை. இடது கையால் செலியின் சட்டையைப் பிடித்து இழுத்து, நாற்காலியை இன்னும் முன்னால் தள்ளச் சொன்னார். கம்பம் நெஞ்சில் இடிக்கிற மட்டும் தள்ளினாள். அவர் கழுத்தை நீட்டி, தாடையைக் கம்பத்தின் மேல் வைத்து, வாயைத் திறந்தார். உடம்பு முழுக்க சரவாக்கில், வாய் மட்டும் வெளியே. லாரி வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அதிகாரி தடுமாறிப்போனார். விழுங்கினால் உள்ளே வந்த மாதிரிதானே என்றார்.

"அப்போ வயித்துக்கும் ஒரு கம்பம் போடுங்க சார்," என்றேன். "காலைல நான் அங்க தின்ன கறி என் வயித்துல இருக்கு. இந்த லாரிக்காரங்க எல்லார் வயித்துலயும் இருக்கு. எங்களையெல்லாம் என்ன செய்யப்போறீங்க, டீசல் ஊத்துவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், லுத்தாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், மீதி குழிக்குத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

நான் கறியைக் கிள்ளி லுத்தாவின் வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் வாயை மூடிக்கொண்டார். திரும்பவும் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் என் தோளுக்குப் பின்னால் காட்டினார். பின்னால் ஜூபாங் கல் மாதிரி நின்றார். இவர் கேட்கமாட்டார், அவர் வரமாட்டார். காலையிலிருந்து வெயிலில் நான் காய்ந்தது இதற்குத்தானா? கறித்துண்டை ஜூபாங்கின் கையில் அழுத்தினேன். போ மாமா என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். மூத்தவரை அப்படித் தொடக்கூடாது. தொட்டேன்.

ஜூபாங் கிட்டே போனார். கோணிய வாயைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டை இரண்டாகக் கிழித்தார், இரண்டை நாலாகக் கிழித்தார், நூல் நூலாக ஆக்கினார். ஒரு நூலை எடுத்துத் தம்பியின் நாக்கில் வைத்தார்.

லுத்தா மென்றார். பாதிக் கன்னம்தான் அசைந்தது. புரையேறினால் தீர்ந்தது, செலி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எட்வினும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். லாரிக்காரன் ஒருவன் எஞ்சினை அணைத்துவிட்டான். எவ்வளவு நேரமோ தெரியாது, கடைசியில் தொண்டை ஏறி இறங்கியது.

"உப்பு... கம்மி," என்றார் லுத்தா.

"உனக்கு என்னைக்குடா உப்பு போதும்னு இருந்துச்சு," என்றார் ஜூபாங். இன்னொரு நூலை ஊட்டினார். இன்னொன்று. ஊட்டிக்கொண்டே, ஒவ்வொரு அறுவடை விழாவுக்கும் தம்பி வருவான் என்று ஒரு ஜாடி கள்ளை ஒதுக்கி வைத்ததைச் சொன்னார். சத்தியம் செய்தது நான், உடைக்க வேண்டியது அவன் என்று இருந்தேன் என்றார். லுத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நாக்கைப் புரட்டிப் புரட்டி, நீ வருவாய் என்று நான் இருந்தேன் என்று சொல்லி முடித்தார். இருவரும் அழுதார்கள். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து அதிகாரி மேல், எட்வின் மேல், இந்தக் கம்பத்தின் மேல் கொதித்த கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு இந்த இரண்டு கிழடுகளின் மேல் திரும்பியது.

"இந்தக் கம்பம் தினம் காலைல ஆறு மணிக்குத் திறக்குது," என்றேன். "பதினோரு வருஷமா திறக்குது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாஸ் இருந்துச்சு. காய்ச்சல் இல்ல, உத்தரவு இல்ல, கேமரா இல்ல. இவருக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு. எவனாவது ஒருத்தன் நடந்து வந்தீங்களா? அவன் வரட்டும், அவன் வரட்டும்னு உக்காந்திருந்தீங்க. கல்யாணம் போச்சு, சாவு போச்சு, கை போச்சு, கால் போச்சு. இப்ப நாய்க்குட்டிக்கு ஊட்டுற மாதிரி ஊட்டிட்டு அழுறீங்க. சாவடிக்காரன நான் திட்டினேன். அவன் ஒரு நாள்தான் மறிச்சான்."

எட்வின் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்காகக் குனிந்தான் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்து மணி ஆயிற்று. அதிகாரி சொன்னபடி கையெழுத்துப் போட்டேன். சாவடிக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். மீதிக் கறியை இலையோடு போட்டு டீசலை ஊற்றினார்கள். தின்றது போக மிச்சத்தைக் குழம்பு வைத்திருக்கலாம், பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்திருக்கலாம். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது கம்பத்தின் மேலாக லுத்தாவின் இடது கையை ஜூபாங் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சாவடியிலும் மூடப்போகிறார்கள், போய்த்தான் ஆக வேண்டும். நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றார் என்னிடம். தம்பிக்குக் கொடுத்த பங்கு மண்ணுக்குள் போய்விட்டது, விடியற்காலையில் நாய்களை அவிழ்த்துவிட்டு இன்னொன்றைப் பிடித்து, இந்தத் தடவை எலிப்பாதை வழியாகவாவது கொண்டுவந்து...

"வெறுங்கையோட வா, மாமா," என்றேன்.

வெறுங்கையோடு எப்படி ஏணி ஏறுவது என்று அவர் வாயெடுத்தார். எங்கள் சனத்தில் யாரும் அப்படி ஏறுவதில்லைதான்.

"வெறுங்கையோடயே வா. காலைல ஆறு மணிக்கே வா."